காஷி

பெங்காலியில் இருமலுக்குப் பெயர் காஷி.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
ஒருவர் நெஞ்சைத் தொட்டு, காஷி, காஷி என்றார்.
காசிக்குக் காட்பாடி போய் ரயில் ஏறணும் என்று
ஆட்டோ ஸ்டாண்டைக் கை காட்டினேன்.
அவர் ஆட்டோவைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
வேறு வழியில்லாமல் இருமிக் காட்டினார்.
கல்லாவில் இருந்த ஜலால் பாய்
அன்றைக்குத் தொடங்கிய சிரிப்பு
பதினொரு வருடமாக முடியவில்லை.

லாட்ஜுகளுக்கு நடுவே எங்கள் மெடிக்கல்.
வேலூர் வெயிலில் பெயர்ப்பலகையின் தமிழ் வெளுத்துவிட்டது.
கீழே புதிதாக எழுதிய வங்க எழுத்துகள்
கொடியில் போட்ட துணிபோல்
இன்னும் சிவப்பாகத் தொங்குகின்றன.

இருமல் மருந்துத் தட்டு என் தலைக்கு நேர் மேல்.
லேபிளைப் படித்தால் உள்ளே இரண்டு பேர்.
ஒருவன், ஒழுகாதே, காய்ந்து கிட என்கிறான்.
மற்றவன், இளகு, நீர்த்துக்கொள், எழுந்து வெளியே வா என்கிறான்.
இருவரையும் ஒரே மூடியில் பத்து மில்லி ஊற்றி
சாப்பிட்ட பிறகு மூன்று வேளை என்று நான் சொல்கிறேன்.
பாவம் சளி,
யார் பேச்சைக் கேட்கும்?

மருந்துக் கம்பெனிப் பையன் புகழேந்தியிடம் கேட்டேன்.
டையைத் தளர்த்திக்கொண்டே சொன்னான்:
ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு பாத்துக்கும்க்கா,
ரெண்டு புள்ளை பெத்துக்கறதில்லையா, அது மாதிரி.
எனக்கு ஒன்றுதான். ஓசூரில் இருக்கிறான்.
அது கிடக்கட்டும்.
மேலே மணல் பொரிந்து கிடக்க
அடியில் ஈரம் ஓடுகிற பாலாற்றைத் தாண்டித்தான்
தினமும் பஸ்ஸில் வருகிறேன்.
இரண்டும் ஒரே இடத்தில் நடக்கலாம்தான்.

நிமாய் மைத்தி மேதினிப்பூர்க்காரர்.
மனைவி வார்டில், இவர் லாட்ஜில்.
நாலு நாளைக்கு ஒரு பாட்டில்.
நாலாவது பாட்டிலுக்குக் கை நீட்டும்போது உறைத்தது:
இந்த மனிதர் என் முன்னால்
ஒருமுறைகூட இருமியதில்லை.

காஷி நேய், என்றேன், எனக்குத் தெரிந்த பெங்காலியில்.
உங்களுக்கு இருமல் இல்லையே.
கும் நேய், என்றார்.
கும் என்றால் தூக்கம்.
நமக்கு அது இருட்டோடு ஒட்டிக்கொள்கிற சொல்.
கையாலும் அரைகுறை இந்தியாலும் மீதியைச் சொன்னார்:
பக்கத்து அறைக்காரர் இருமுகிறார்.
நடுவில் பிளைவுட்.
விடிய விடிய.
அதனால் இவர் மருந்து குடிக்கிறார்.

பாட்டிலைத் திருப்பினேன்.
எறும்பு எழுத்தில் கடைசி வரி:
உறக்கம் வரலாம், வாகனம் ஓட்ட வேண்டாம்.
உள்ளே மூன்றாவதாக ஒருவன் இருந்திருக்கிறான்.
நான் எண்ணவில்லை.
நிமாய் அவனை மட்டும் காசு கொடுத்து வாங்க,
மற்ற இருவரும்
வேலையில்லாத தொண்டையில்
சும்மா இறங்கிப் போயிருக்கிறார்கள்.

தரமாட்டேன் என்றேன்.
எத்தனை நாளாக இருமுகிறார் அவர்?
விரல்களை மடக்கி, பிரித்து, மறுபடி மடக்கி
இருபத்திரண்டு.
பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதினேன்:
சளிப் பரிசோதனை, எந்த வாசல், எத்தனை மணி.
பாட்டிலால் ஆகாது, அவரைக் கூட்டிப் போங்கள்.
கிருபை, அது நூத்திப் பதினெட்டு ரூவா
என்றார் பாய், கல்லாவைப் பார்த்தபடி.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து
ஷட்டர் பாதி இறங்கிய பிறகு நிமாய் வந்தார்.
குனிந்து, முகத்தை மட்டும் உள்ளே நீட்டி,
காஷி நேய், என்றார்.
நல்லது, குணமாகிவிட்டதா என்றேன்.
அறை காலியாம்.
மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்களாம்.
யார் வந்தார்கள், எங்கே போனார்,
லாட்ஜ் பையனுக்கும் தெரியவில்லையாம்.
நான் எழுதிக் கொடுத்த சீட்டு?
அதுவும் அங்கே இல்லை.

கும்? என்று கேட்டேன்.
நேய்.
இப்போது அந்தச் சுவரையே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார்.

மேல் தட்டை அண்ணாந்து பார்த்தேன்.
பாய் முதல் விளக்கை அணைத்தார்.